ஆபரேஷன் ஒரு நாள், மாத்திரை தினமும்: குழந்தைகளின் கல்லீரல் நோயும் மருந்துச் சிக்கல்களும்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களை மட்டும் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

லிவர் பிரச்சினைன்னு சொன்னாலே நம்ம மனசுல முதல்ல வர்றது குடிதான். "அவருக்கு லிவர் போயிடுச்சாம்"னு யாராவது சொன்னா, "ஓ, தண்ணி பார்ட்டியா?"ன்னு கேட்டுடுவோம். ஆனா பிறந்து ரெண்டு மாசம்கூட ஆகாத குழந்தைக்கும் கல்லீரல் கெட்டுப்போகும். அந்தக் குழந்தைகளோட கதையில ஆபரேஷன், டோனர், பல லட்சம் ரூபா செலவு இதெல்லாம் நியூஸ்ல வந்துடும். நியூஸ்ல வராதது ஒண்ணு இருக்கு: மருந்து. தினமும், ரெண்டு வேளை, வருஷக்கணக்கா. இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறோம்.

காஞ்சிபுரத்துல இருந்து டெல்லி வரைக்கும்

இந்தியாவுல வெற்றிகரமா நடந்த முதல் குழந்தை கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை 1998 நவம்பர் 15 அன்னைக்கு டெல்லி அப்போலோ மருத்துவமனையில நடந்தது. அந்தக் குழந்தை நம்ம காஞ்சிபுரத்துப் பையன், சஞ்சய் கந்தசாமி. அப்போ வயசு 20 மாசம். அப்பா தன்னோட கல்லீரல்ல ஒரு பகுதியைக் கொடுத்தார். இந்தியாவுல உறுப்பு மாற்றுக்கான சட்டம் வந்ததே 1994லதான். யாருமே ஜெயிச்சுக் காட்டாத ஒரு சிகிச்சைக்கு, மொழி தெரியாத ஊருக்குக் கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போன குடும்பம் அது.

அந்தக் குழந்தை வளர்ந்து, மருத்துவம் படிச்சு, டாக்டரே ஆயிட்டார். இந்தக் கதையைக் கேட்டதும் எல்லாரும் அப்பாவோட தியாகத்தையும் சர்ஜன்களோட திறமையையும்தான் பேசுவாங்க. பேச வேண்டியதுதான். ஆனா 1998க்கும் அவர் டாக்டர் ஆனதுக்கும் நடுவுல இருக்கிற வருஷங்களை நினைச்சுப் பாருங்க. பள்ளிக்கூடம், பரீட்சை, பண்டிகை, காய்ச்சல், டூர். இது எல்லாத்துக்கும் நடுவுல மருந்து, ரத்தப் பரிசோதனை, செக்-அப். ஒரு பெரிய ஆபரேஷனைக் காப்பாத்தி வெச்சுக்கறது அந்தச் சின்னச் சின்ன வேலைகள்தான்.

காஞ்சிபுரத்துல இருந்து தெற்கே, செய்யாறு பக்கம் போனா வெம்பாக்கம். திருவண்ணாமலை மாவட்டத்துல ஒரு தாலுகா. ஆரணி, காஞ்சிபுரம்னு சுத்தி எல்லாப் பக்கமும் பட்டு நெசவு. இந்த எபிசோட் முழுக்க ஒரு கேள்வியை மனசுல வெச்சுக்குவோம்: வெம்பாக்கத்துல ஒரு தறிக்காரர் வீட்டுக் குழந்தைக்கு இந்த நோய் வந்தா, அந்த மருந்தை ஒழுங்கா கொடுக்கிறதுல எங்கெங்கெல்லாம் தடுக்கும்?

முதல் சிக்கல்: 14 நாள் தாண்டின மஞ்சள்

சஞ்சய்க்கு இருந்தது பிலியரி அட்ரீசியா. கல்லீரல்ல சுரக்குற பித்தம் குடலுக்குப் போற குழாய் அடைபட்டுப் போற நோய். பித்தம் வெளிய போக வழியில்லாம உள்ளேயே தேங்கி, கல்லீரலைக் கொஞ்சம் கொஞ்சமா தழும்பாக்கிடும்.

பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் வர்றது சகஜம். பெரும்பாலும் ரெண்டு வாரத்துல தானா போயிடும். அதனாலதான் "வெயில்ல காட்டு, சரியாயிடும்"னு பாட்டிங்க சொல்றாங்க. ஆனா 14 நாளுக்கு மேல மஞ்சள் நீடிச்சா, அது எந்த வகை மஞ்சள்னு ஒரு ரத்தப் பரிசோதனையில பார்த்தே ஆகணும். வீட்டுலயே பார்க்கக்கூடிய ரெண்டு அறிகுறி இருக்கு. ஒண்ணு, குழந்தையோட மலம் வெளிறி, சுண்ணாம்பு மாதிரியோ களிமண் மாதிரியோ இருக்கும். மலத்துக்கு நிறம் கொடுக்கிறதே பித்தம்தான். அது வரலைன்னா நிறமும் வராது. ரெண்டு, சிறுநீர் அடர் மஞ்சளா துணியில கறை பிடிக்கும். பச்சைக் குழந்தையோட சிறுநீர் கிட்டத்தட்ட நிறமே இல்லாமத்தான் இருக்கணும்.

ஜப்பான் டாக்டர் மோரியோ கசாய் 1950கள்ல இதுக்கு ஒரு ஆபரேஷன் கண்டுபிடிச்சார். குடலோட ஒரு பகுதியை நேரா கல்லீரலோட இணைச்சு, பித்தத்துக்கு வழி பண்ணிக் கொடுக்கிறது. இதை 60 நாளுக்குள்ள செஞ்சா பலன் நல்லா இருக்கு. தள்ளிப்போகப் போக வாய்ப்பு குறையும். தைவான்ல 2004ல இருந்து நாடு முழுக்க, குழந்தை பிறந்த எல்லா அம்மாவுக்கும் மல நிற அட்டை ஒண்ணு கொடுக்கறாங்க. அட்டையில இருக்கிற நிறத்தோட ஒப்பிட்டுப் பார்த்து, வெளிறி இருந்தா உடனே ஃபோன் பண்ணணும். அவ்ளோதான். ஒரு அட்டை.

நம்ம ஊர்ல அந்த 60 நாள் எங்க போகுது? காமாலைன்னாலே கீழாநெல்லி. இதை நான் கிண்டலா சொல்லல. கீழாநெல்லி வகைச் செடியை வெச்சு மெட்ராஸ்ல நடந்த ஹெபடைட்டிஸ் பி ஆய்வு 1988ல லான்செட் இதழ்லயே வந்தது. பிறகு வேற இடங்கள்ல நடந்த ஆய்வுகள்ல அதே பலன் நிலையா கிடைக்கல. ஆனா நம்பிக்கை ஏன் இவ்ளோ ஆழமா இருக்கு தெரியுமா? பெரிய பிள்ளைகளுக்குத் தண்ணி மூலமா வர்ற ஹெபடைட்டிஸ் ஏ, பெரும்பாலும் சில வாரத்துல தானாவே குணமாயிடும். அந்த வாரங்கள்ல கீழாநெல்லி கொடுத்திருந்தா, பேரு கீழாநெல்லிக்குப் போகும். ஊர்ல நூறு பேரு "எனக்குச் சரியாச்சு"ன்னு சொல்வாங்க, அவங்க யாரும் பொய் சொல்லல. ஆனா அடைச்சுப்போன குழாயை எந்தச் சாறும் திறக்காது. காமாலைன்னு பேரு ஒண்ணுதான், நோய் வேற வேற. பச்சைக் குழந்தை விஷயத்துல "ஒரு மண்டலம் கொடுத்துப் பார்ப்போம்"னு சொல்றது, அந்த 60 நாள்ல 48 நாளைத் தூக்கிக் கொடுக்கிற மாதிரி.

ரெண்டாவது சிக்கல்: காத்திருக்கிற காலத்து மருந்துகள்

கசாய் ஆபரேஷனுக்கு அப்புறமும் பல குழந்தைகளுக்குப் பிற்பாடு கல்லீரல் மாத்த வேண்டி வரும். அதுவரைக்கும் குழந்தையைத் தேத்தி வளர்க்கணும். இங்கதான் மருந்து லிஸ்ட் நீள ஆரம்பிக்குது.

பித்தம் இல்லாம கொழுப்பு செரிக்காது. கொழுப்பு செரிக்கலைன்னா அதோட சேர்ந்து உடம்புல ஏற வேண்டிய ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் ஏறாது. டி குறைஞ்சா எலும்பு பலவீனமாகும். கே குறைஞ்சா ரத்தம் உறையாது. மூளைக்குள்ள ரத்தம் கசியற அளவுக்குப் போகலாம். அதனால இந்த வைட்டமின்கள், பித்தம் ஓட உதவுற மருந்து, அரிப்புக்கு ஒண்ணு, பித்தம் இல்லாமலே செரிக்கிற எம்சிடி எண்ணெய் கலந்த உணவு, எல்லாம் சேர்த்துக் கொடுக்கணும்.

இதுல நிறைய மருந்து பெரியவங்களுக்கான மாத்திரையாத்தான் கடையில கிடைக்கும். குழந்தையோட எடைக்கு ஏத்த மாதிரி பொடிச்சு, பங்கு பிரிச்சு, தண்ணியில கரைச்சுக் கொடுக்கச் சொல்வாங்க. ஒரு மாத்திரையை நாலாப் பிரிச்சா நாலு துண்டும் சமமா வருமா? குழந்தை பாதியைத் துப்பிட்டா மறுபடி கொடுக்கணுமா? எடை ஏறினா அளவு மாறணும். போன மாசச் சீட்டை வெச்சு இந்த மாசம் கொடுத்தா பத்தாது. எந்த அம்மாவும் இதுக்குப் பயிற்சி எடுத்துட்டு வரல. ஆனா இந்த வேலை எல்லாம் நடக்கிறது வீட்டு அடுக்களையில.

மூணாவது சிக்கல்: ரத்தத்துல அளவு

1963 மார்ச் 1ஆம் தேதி அமெரிக்காவுல டென்வர்ல, தாமஸ் ஸ்டார்சல் உலகத்துலயே முதல் தடவையா ஒரு மனுஷனுக்குக் கல்லீரல் மாத்தினார். அதுவும் பிலியரி அட்ரீசியா வந்த 3 வயசுக் குழந்தைக்குத்தான். குழந்தை பிழைக்கல. அதுக்கப்புறம் அறுவை நுட்பம் வளர்ந்தது. ஆனா மாற்றுக் கல்லீரலை உடம்பு நிராகரிக்காம இருக்க நல்ல மருந்து வந்த பிறகுதான் இது பரவலான சிகிச்சையா மாறுச்சு. 1980கள் தொடக்கத்துல சைக்ளோஸ்போரின், அப்புறம் டாக்ரோலிமஸ். டாக்ரோலிமஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜப்பான்ல சுகுபா பகுதி மண்ணுல இருந்த ஒரு நுண்ணுயிரில இருந்து, 1984ல.

இன்னைக்குக் கல்லீரல் மாத்தின குழந்தைகள் பெரும்பாலும் எடுத்துக்கறது இந்த டாக்ரோலிமஸைத்தான். வழக்கமா 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. இது ரொம்ப இடுக்கான மருந்து. ரத்தத்துல அளவு கொஞ்சம் குறைஞ்சா உடம்பு கல்லீரலை எதிர்க்க ஆரம்பிக்கும். கொஞ்சம் கூடினா சிறுநீரகம் பாதிக்கும், கை நடுங்கும், தொற்று சுலபமா வரும். அதனால அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்ப்பாங்க.

இப்போ வெம்பாக்கத்துக் குடும்பத்துக்கிட்ட வருவோம். சென்னையில செக்-அப். ரத்தம் எடுக்க வேண்டியது முந்தின டோஸ் கொடுத்து 12 மணி நேரம் ஆகும்போது, காலை டோஸுக்கு முன்னாடி. அளவு அடிமட்டத்துல இருக்கும்போதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். விடியக்காலை பஸ் பிடிக்கணும். "வழியில மறந்துடுவோம், கொடுத்துட்டே கிளம்பலாம்"னு வீட்டுல யாராவது மருந்தைக் கொடுத்துட்டா, ரிப்போர்ட்ல அளவு கூடத் தெரியும். அதைப் பார்த்து டோஸைக் குறைச்சா, குழந்தைக்கு நிஜமாவே மருந்து பத்தாமப் போகும். இத்தனைக்கும் அவங்க செஞ்சது அக்கறையாலதான். அதனால செக்-அப் அன்னைக்கு மருந்தைக் கையில எடுத்துட்டுப் போய், ரத்தம் கொடுத்த பிறகு கொடுக்கணும். கொடுத்துட்டா மறைக்காம சொல்லிடணும். இந்த ஒரு தகவலை யாராவது பொறுமையா சொல்லியிருந்தாலே போதும்.

சென்னைக்குப் போற நாள்ல தறி நிக்கும். தறி நின்னா அன்னைக்குக் கூலி இல்ல. துணைக்கு இன்னொருத்தர் வந்தா ரெண்டு கூலி போச்சு. "இந்த மாசம் நல்லாத்தானே இருக்கான், அடுத்த மாசம் பார்க்கலாம்"னு தோணுறதுல ஆச்சரியமே இல்ல. ஆனா நிராகரிப்பு ஆரம்பத்துல வலிக்காது, பல நேரம் வெளிய ஒண்ணுமே தெரியாது. ரத்தப் பரிசோதனையிலதான் முதல்ல தெரியும்.

நாலாவது சிக்கல்: பக்கத்துக் கடை மருந்து

குழந்தைக்குச் சளி, இருமல். உள்ளூர் கிளினிக்ல ஒரு ஆன்டிபயாடிக் எழுதறாங்க. அது எரித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ ஆனா, டாக்ரோலிமஸ் அளவு எகிறும். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கிற ஃப்ளூகோனசோலும் அப்படித்தான். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் ரெண்டும் நேரெதிர். அளவைக் கீழ இறக்கிடும். ஐப்யூப்ரோஃபென் சேர்ந்தா சிறுநீரகத்துக்குச் சுமை. பழத்துலகூட பிரச்சினை உண்டு: கிரேப்ஃப்ரூட்டும் அதோட சொந்தக்கார பம்ப்ளிமாஸும் வேண்டாம்பாங்க.

இன்னொண்ணு பலருக்கு ஆச்சரியமா இருக்கும். வயித்துப்போக்கு வந்தா மருந்து வெளிய போயிடும், அளவு குறையும்னுதானே நினைப்போம்? டாக்ரோலிமஸ் விஷயத்துல பல நேரம் அளவு கூடும். குடல் சுவர்ல அந்த மருந்தை உடைக்கிற வேலை தடைபட்டுப் போறதால. அதனால இந்தக் குழந்தைக்கு வயித்துப்போக்குன்னா, மருந்தை நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது. டிரான்ஸ்பிளான்ட் டீமுக்கு ஃபோன் போகணும்.

மெடிக்கல் ஷாப்ல "அந்தக் கம்பெனி இல்ல, இது அதேதான்"னு வேற பிராண்டைக் கொடுப்பாங்க. பெயர் அதேதான். ஆனா இவ்ளோ இடுக்கான மருந்துல பிராண்ட் மாறினா அளவை மறுபடி பார்க்கணும். ஒரு வாரத்து மருந்து கையில இருக்கும்போதே அடுத்த ஸ்டாக் வாங்கிடறதுதான் பாதுகாப்பு.

அஞ்சாவது சிக்கல்: 15 வயசு

குழந்தையா இருக்கும்போது அம்மா கொடுப்பாங்க. 15 வயசுல? டியூஷன், ஃபிரெண்ட்ஸ், தூக்கம். எல்லார் முன்னாடியும் மாத்திரை போட வெட்கம். ஸ்டீராய்டு எடுத்தா முகம் உப்பும், பசங்க கிண்டல் பண்ணுவாங்க. எல்லாத்துக்கும் மேல, நல்லா இருக்கோம்கிற உணர்வு. நல்லா இருக்கிறவனுக்கு எதுக்கு மாத்திரை? மாத்தின கல்லீரலை வருஷங்கள் கழிச்சு இழக்கிறதுக்கு, வளரிளம் வயசுல மருந்தை விடுறது முக்கியமான காரணம்னு உலகம் முழுக்க டாக்டர்கள் சொல்றாங்க. அதனால ஒரு ரிப்போர்ட்டை மட்டும் பார்க்காம, கடைசிச் சில ரிப்போர்ட்கள்ல அளவு எவ்வளவு ஏறி இறங்குதுன்னு பார்க்கறாங்க. ரொம்ப ஆடுதுன்னா, இடையில மருந்து விட்டுப்போகுதோன்னு சந்தேகம் வரும்.

அப்போ திட்டினா என்ன ஆகும்? அடுத்த தடவை பொய் சொல்லுவான், அவ்ளோதான். "இந்த வாரம் எத்தனை டோஸ் விட்டுப்போச்சு?"ன்னு சாதாரணமா கேட்டா பதில் வரும். "ஒழுங்கா போட்டியா இல்லியா?"ன்னு கேட்டா "போட்டேன்"தான் வரும்.

வில்சன் நோயும் இதே மாதிரி. உடம்புல செம்பு வெளியேறாம கல்லீரல்லயும் மூளையிலயும் தங்கற பரம்பரை நோய். அப்பா, அம்மா ரெண்டு பேருகிட்ட இருந்தும் பழுதான மரபணு வந்தாத்தான் நோய் வரும். சொந்தத்துல கல்யாணம் நடக்கிற குடும்பங்கள்ல அதுக்கான வாய்ப்பு கூடுதல். 1956ல ஜான் வால்ஷ் பெனிசிலமைனைக் கொண்டு வந்த பிறகு இது மருந்தால கட்டுப்படுற நோயா மாறிடுச்சு. ஆனா ஆயுசு முழுக்க எடுக்கணும், அதுவும் வெறும் வயித்துல. "சரியாயிடுச்சு"ன்னு நிறுத்தினவங்களுக்குத் திடீர்னு கல்லீரல் செயலிழந்து உயிர் போயிருக்கு. வீட்டுல ஒரு பிள்ளைக்கு வில்சன்னா, கூடப்பிறந்த ஒவ்வொருத்தருக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. அறிகுறி இல்லைன்னாலும் எல்லாரையும் பரிசோதிக்கணும்.

எல்லார் வீட்டுக்கும்: பாராசிட்டமால் கணக்கு

இது கல்லீரல் நோய் இல்லாத குழந்தைகளுக்கும் சேர்த்து. பாராசிட்டமால் சரியான அளவுல பாதுகாப்பான மருந்து. அளவு மீறினா, கல்லீரல் அதை உடைக்கும்போது உருவாகிற நச்சுப்பொருளைச் சமாளிக்க முடியாமப் போகும். ஒரு வேளைக்கு, எடையில ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது. ரெண்டு டோஸுக்கு நடுவுல குறைஞ்சது 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி. ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல வேண்டாம்.

10 கிலோ குழந்தைன்னா ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். இப்போ கடையில இருக்கிற பாட்டில்களைப் பாருங்க. 5 மி.லி.ல 120 மில்லிகிராம் இருக்கிற சிரப்னா சுமார் 6 மி.லி. 5 மி.லி.ல 250 இருக்கிற சிரப்னா 3 மி.லி. பச்சைக் குழந்தைகளுக்கான சொட்டு மருந்துல 1 மி.லி.லயே 100 மில்லிகிராம், அதனால 1.5 மி.லி.தான். "போன தடவை 6 மி.லி. கொடுத்தோமே"ன்னு அதே 6 மி.லி.யைச் சொட்டு மருந்துல கொடுத்தா 600 மில்லிகிராம், நாலு மடங்கு. ராத்திரி 2 மணிக்கு, தூக்கக் கலக்கத்துல, காய்ச்சல் குறையலைன்னு அதையே திரும்பத் திரும்பக் கொடுத்தா? சளி சிரப் பலதுலயும் பாராசிட்டமால் கலந்திருக்கு; ரெண்டையும் சேர்த்தா டோஸ் இரட்டிப்பு. அதனால எத்தனை மி.லி.ன்னு கேக்காதீங்க, எத்தனை மில்லிகிராம்னு கேளுங்க. வீட்டு ஸ்பூன் வேண்டாம், பாட்டிலோட வர்ற அளவுக் குப்பி அல்லது சிரிஞ்ச் போதும்.

அளவு கூடிடுச்சுன்னு சந்தேகம் வந்தா, குழந்தை நல்லா விளையாடினாலும் மருத்துவமனைக்குப் போங்க. கல்லீரல் பாதிப்பு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் வெளிய தெரியும். மாற்று மருந்து இருக்கு. சீக்கிரம் கொடுத்தா நல்லா வேலை செய்யும்.

அப்புறம், நிமிசுலைடு. 12 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு இந்தியாவுல 2011லயே தடை. வைரஸ் காய்ச்சல்ல குழந்தைக்கு ஆஸ்பிரினும் கூடாது.

இப்போ என்ன இருக்கு, என்ன பண்ணலாம்

1998ல டெல்லி போக வேண்டியிருந்தது. இன்னைக்கு நிலைமை வேற. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில 2009லயே கல்லீரல் மாற்று ஆரம்பிச்சாச்சு. தனியார் மையங்களும் சென்னையில பல இருக்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல கல்லீரல் மாற்றும் உண்டு. ஆக, அந்த ஒரு நாளுக்கு வழி பிறந்திருக்கு. மீதி நாட்களோட செலவும், அலைச்சலும், கணக்கும் இன்னும் குடும்பத்தோட தலையிலதான்.

சிட்டியில உக்காந்து இதைக் கேக்கிற நமக்கு இதுல வேலை இருக்கு. ஊர்ல அக்காவுக்கோ அண்ணிக்கோ குழந்தை பிறந்தா, ஃபோட்டோ கேக்கும்போதே "மஞ்சள் போயிடுச்சா? ஆய் என்ன நிறத்துல போகுது?"ன்னு 15வது நாள் கேளுங்க. கூச்சமான கேள்விதான், கேளுங்க. மருந்து சாப்பிடுற பிள்ளை சொந்தத்துல இருந்தா, அம்மாவோட ஃபோன்ல காலை 8, ராத்திரி 8 அலாரம் வெச்சுக் கொடுங்க. எல்லா மருந்துப் பெயரும் மில்லிகிராமும் தமிழ்ல ஒரே தாள்ல எழுதி, கீழ டிரான்ஸ்பிளான்ட் டீமோட நம்பரைப் போட்டுக் கொடுங்க. எந்த கிளினிக் போனாலும் அதை முதல்ல காட்டட்டும். செக்-அப் நாள்ல உங்களுக்கு லீவு கிடைச்சா, பஸ் ஸ்டாண்டுல போய் நின்னு கூட்டிட்டுப் போங்க. துணைக்கு வர வேண்டிய ஒருத்தரோட அன்னைக்குக் கூலி மிஞ்சும்.

ஒரு விஷயம்: இங்க சொன்ன அளவுகள் புரிதலுக்காக. ஏற்கெனவே கல்லீரல் நோய் இருக்கிற குழந்தைக்குப் பாராசிட்டமால் உட்பட எதையும் அவங்க டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்கணும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.